இருபத்தோரு அடி

கத்தியா, துப்பாக்கியா என்று கேட்டால் பலருக்கு உடனே ஞாபகம் வருவது ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ (1981). கெய்ரோ கடைவீதியில் கறுப்பு அங்கிக்காரன் ஒருவன் பெரிய வாளைச் சுழற்றி வித்தை காட்டுகிறான். ஹாரிசன் ஃபோர்டு அலுப்போடு துப்பாக்கியை எடுத்து ஒரே ஒரு குண்டு சுடுகிறார். ஆள் காலி. தியேட்டரில் விசில்.

திட்டமிட்டிருந்தது என்னவோ நீளமான சண்டை. படப்பிடிப்பு நடந்த டுனீசியாவில் ஃபோர்டுக்கு வயிற்றுக் கடுப்பு. மணிக்கணக்கில் சாட்டையைச் சுழற்றத் தெம்பில்லாமல், பேசாமல் சுட்டுவிடலாமே என்று அவர் கேட்க, ஸ்பீல்பெர்க் சம்மதித்தார். அப்பேர்ப்பட்ட விவாதத்தைத் தீர்த்துவைத்தது ஒரு வயிற்றுக் கோளாறு.

எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது வாள்காரன் எங்கே நிற்கிறான் என்று கவனியுங்கள். எட்டத்தில் நின்று, வித்தை காட்டி முடித்து, சுடப்படுவதற்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறான். ஓடி வந்திருந்தால் கதையே வேறு.

‘தி மேக்னிஃபிசண்ட் செவன்’ (1960) நேரெதிர். ஜேம்ஸ் கோபர்ன் கத்தியை வீசுவார். எதிராளி துப்பாக்கியை உருவுவதற்குள் சரிந்துவிடுவான். இந்தப் படத்தின் மூலம் குரோசவாவின் ‘செவன் சாமுராய்’ (1954). அதில் இதே காட்சி வாளுக்கும் வாளுக்கும் நடக்கும். துப்பாக்கி பற்றிக் குரோசவாவுக்குப் பிரமை எதுவும் இல்லை. ஏழு சாமுராய்களில் நான்கு பேர் சாகிறார்கள். நாலு பேருமே குண்டடி பட்டுத்தான். வாள்வித்தையில் மகா சமர்த்தரான கியூஸோ உள்பட.

மூன்று படங்களும் கேட்பது ஒரே கேள்வி. எந்த ஆயுதம் உசத்தி? கேள்வியே தப்பு என்பதுதான் என் கட்சி. கிட்டத்துச் சண்டையில் கேட்க வேண்டியது இரண்டுதான். எவ்வளவு தூரம்? எத்தனை விநாடி?

இதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தவர் டென்னிஸ் ட்யூலர். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸில் சார்ஜண்ட், துப்பாக்கிப் பயிற்சியாளர். கத்தியோடு வருகிறவன் எவ்வளவு கிட்டே வந்தால் ஆபத்து என்ற கேள்விக்கு ஆட்களை ஓடவிட்டு நேரம் பார்த்தார். சுமாரான ஆரோக்கியமுள்ள ஆள் 21 அடியைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை விநாடி. பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிக் குறி பார்த்துச் சுடவும் அதே ஒன்றரை விநாடி. 1983-ல் ஒரு பத்திரிகையில் எழுதினார். 21 அடி என்பது கிரிக்கெட் பிட்ச்சில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கம்மி. அதற்குள் கத்திக்காரன் இருந்தால், உறையில் கிடக்கும் துப்பாக்கி இடுப்புக்குப் பாரம், அவ்வளவுதான்.

2012-ல் ‘மித்பஸ்டர்ஸ்’ டி.வி. நிகழ்ச்சியிலும் செய்து பார்த்தார்கள். 20 அடியில், கத்தி வந்து சேரும் அந்தக் கணத்தில்தான் சுட முடிந்தது. அதற்கும் கிட்டே போனால் கத்திதான் முந்தியது.

சரி, சுட்டாச்சு. உடனே விழுந்துவிடுவானா? சினிமாவில் விழுவான், அதுவும் பின்பக்கமாகப் பறந்து. நிஜத்தில் மூளையிலோ தண்டுவடத்தின் மேல்பகுதியிலோ பட்டாலொழிய உத்தரவாதம் இல்லை. 1989-ல் எஃப்.பி.ஐ. வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, இதயமே சிதைந்துபோனாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை வைத்து ஒரு மனிதன் 10 முதல் 15 விநாடி வரை இயங்க முடியும் என்கிறது. பத்து விநாடியில் எத்தனை முறை குத்தலாம் என்று கணக்குப் போட வேண்டாம், வயிற்றைக் கலக்கும்.

இதுவரைக்கும் ட்யூலர் சொன்னதில் குறையில்லை. சிக்கல் அதற்கப்புறம். அவர் சொன்னது ஓர் எச்சரிக்கை. கத்தியைப் பார்த்தால் முதலில் தள்ளிப் போ, மறைவு தேடு, துப்பாக்கியைத் தயாராக வைத்துக்கொள் என்ற அர்த்தத்தில். பயிற்சி வகுப்புகளில் வாய்க்கு வாய் மாறி அது ‘21 அடி விதி’ ஆகிவிட்டது. கத்தியோடு 21 அடிக்குள் யார் நின்றாலும் சுடலாம் என்று பலர் புரிந்துகொண்டார்கள். தான் விதி எதுவும் போடவில்லை என்று ட்யூலரே பிற்பாடு சொல்ல வேண்டி வந்தது. ஓடி வருகிறவனுக்குப் பார்த்த கணக்கை, நிற்கிறவன் மேல் போட்டுப் பார்ப்பதில் இருக்கிறது கோளாறு.

நிற்கிறவர்கள் யார்? பல சமயம் கொள்ளைக்காரர்களே இல்லை. மனநிலை குலைந்து, சமையலறையில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர்கள்.

அரிசோனாவில் டூசான் நகரம், 2010. ஒரு பெண் கத்தியால் மரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறாள், நடவடிக்கை சரியில்லை என்று போலீஸுக்குத் தகவல். வந்தார்கள். பெரிய சமையலறைக் கத்தியோடு ஒரு பெண் தன் அறைத்தோழியிடமிருந்து ஆறடிக்குள் நிற்கிறாள். போலீஸுக்கும் அவர்களுக்கும் நடுவே கம்பிவேலி. கத்தியைக் கீழே போடு என்று சொன்னார்கள், போடவில்லை. ஒரு போலீஸ்காரர் நான்கு முறை சுட்டார். போலீஸ் வந்ததிலிருந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பெண் பிழைத்துக்கொண்டாள். அந்தத் தோழி, தனக்கு ஆபத்து என்றே தோன்றவில்லை என்று பிறகு சொன்னாள். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த போலீஸ்காரர் மேல் நஷ்டஈட்டு வழக்குத் தொடர முடியாது என்று சொல்லிவிட்டது. இரண்டு நீதிபதிகள் மட்டும் உடன்படவில்லை.

இங்கே ஆபத்து போலீஸுக்கு அல்ல, தோழிக்கு என்பதுதான் வாதம். இருந்தாலும் அடிப்படை அதேதான். கத்தியைப் பார்த்ததும் விநாடிகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். விநாடிகளைக் கூட்டிக்கொள்ள முடியும் என்பது தோன்றுவதில்லை.

ஸ்காட்லாந்தில் பெரும்பாலான போலீஸாரிடம் துப்பாக்கியே கிடையாது. கத்திக்காரர்கள் அங்கேயும் உண்டு. பின்வாங்குகிறார்கள், கேடயம் பிடிக்கிறார்கள், பேச்சுக் கொடுக்கிறார்கள், நேரத்தை இழுக்கிறார்கள். 2015-ல் அமெரிக்க போலீஸ் அதிகாரிகள் சிலர் நேரில் போய் இதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்களை அழைத்துப்போன வாஷிங்டன் அமைப்பு 2016-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் 21 அடி விதியைக் காலாவதியான சங்கதி என்று ஒதுக்கியது. அதற்குப் பதில் தூரம், மறைவு, நேரம்.

இப்படிப் பின்வாங்கினால் போலீஸ்காரர் குத்துப்பட்டுச் செத்துப்போவாரே? நியாயமான பயம். கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இந்தப் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். பலப்பிரயோகம் 28 சதவிகிதம் குறைந்தது. பொதுமக்களுக்குக் காயம் 26 சதவிகிதம். போலீஸாருக்குக் காயம் 36 சதவிகிதம். அதாவது, ஜாஸ்தி லாபம் போலீஸுக்குத்தான்.

உங்களுக்கும் எனக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இருட்டில் ஒருத்தன் கத்தியை நீட்டிப் பர்ஸைக் கேட்டால், அதை அந்தப் பக்கம் வீசிவிட்டு இந்தப் பக்கம் ஓடுங்கள். மிகச் சிறந்த தற்காப்பு ஆயுதம் கால்.

இதை வைத்து யாரும் படம் எடுக்கப்போவதில்லை. ஹீரோ நாலு அடி பின்னால் போய், ஒரு கார் மறைவில் நின்றுகொண்டு, நாற்பது நிமிஷம் தன்மையாகப் பேசி, கடைசியில் அவன் கத்தியைக் கீழே போட, இரண்டு பேரும் உயிரோடு வீட்டுக்குப் போகிற படத்துக்கு யார் விசில் அடிப்பார்கள்?