கன்றுக்கு ஊக்கம், மரத்துக்குத் தடை

பயிரோடு மரமும் வளர்ப்பதைத் தேசியக் கொள்கையாக அறிவித்த முதல் நாடு இந்தியா, ஆண்டு 2014. தமிழ்நாட்டில் 2021-22இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் தேக்கு, மகாகனி, வேங்கை, சந்தனம், செம்மரம் முதலிய கன்றுகளை இலவசமாகத் தருகிறது. ஏக்கருக்கு வரப்பு நடவென்றால் 50 கன்று, செறிவு நடவென்றால் 160. பிழைத்த கன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. கன்றும் கொடுத்துக் காசும் கொடுத்த பின் உழவருக்கு என்ன தயக்கம் என்பது திட்டத்தின் ஆதரவாளர்கள் எழுப்பும் கேள்வி.

நட்டதற்கு அல்லாமல் பிழைத்ததற்குப் பணம் தருவது நல்ல ஏற்பாடுதான். உழவன் செயலியில் பதிவதும் எளிது. மரம் காற்றைத் தடுக்கும், சருகு மண்ணை வளமாக்கும் என்பதிலும் தகராறு இல்லை.

தகராறு தொகையின் அளவிலும் காலத்திலும் தொடங்குகிறது. வரப்பில் நட்ட 50 கன்றும் பிழைத்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 350 ரூபாய். அதுவும் நான்காம் ஆண்டோடு நின்றுவிடும். மரம் பயிரைத் தொந்தரவு செய்யத் தொடங்குவதோ அதற்குப் பிறகுதான். தேக்கு ஓங்கி வளர்ந்ததும், நிழல் விழும் நாலைந்து வரிசை நெல் பால் பிடிக்காமல் பதராகிறது. வேர் வரப்பைத் தாண்டினால் பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வருகிறார். தேக்கு விலைபோக இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். இடைப்பட்ட காலத்தின் இழப்பு முழுவதும் உழவர் தலையில்.

அதைப் பொறுத்துக்கொள்பவருக்கும் மரம் முழுதாகச் சொந்தமில்லை. இலவசமாகக் கிடைத்த சந்தனக் கன்று பட்டா நிலத்தில் வளர்ந்தாலும், வெட்டி விற்க வனத்துறையைத்தான் நாட வேண்டும். தேக்குக்கும் அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, போக்குவரத்து அனுமதி என்று அலைச்சல். இந்த அலைச்சலுக்கு அஞ்சுபவர் நின்ற மரத்தை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறார். வெட்டவும் கொண்டுசெல்லவும் உள்ள கட்டுப்பாடே தடை என்று 2014 கொள்கையே ஒப்புக்கொண்டது. நடும் கையில் கன்றைத் திணித்து, வெட்டும் கையைக் கட்டிவைப்பதற்கு ஊக்குவிப்பு என்று பெயரிடுவது பொருந்தாது.

வாய்மொழிக் குத்தகையில் உழுபவரின் நிலை இன்னும் மோசம். நிழலால் குறையும் விளைச்சல் அவருடையது, மரம் நிலக்காரருடையது. அவர் எந்த நம்பிக்கையில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார்?

எதிர்ச்சான்று கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் நிற்கிறது. அங்கே சவுக்குத் தோப்பு பரவியதற்கு 7 ரூபாய் காரணமில்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டில் வெட்டலாம், காகித ஆலைக்கு மரம் வேண்டும், வியாபாரி தோப்புக்கே வருகிறார், அனுமதிச்சீட்டுத் தொல்லை இல்லை. சவுக்கு மட்டுமே நிற்கும் தோப்பு பல்லுயிருக்கு உகந்ததன்று; ஆனால் உழவரை மரத்தின் பக்கம் இழுப்பது எது என்பதை அது காட்டிவிடுகிறது.

நடும்போதே அடங்கலில் ஏறும் பதிவு பின்னாளில் வெட்டும் அனுமதியாகவும் செல்ல வேண்டும். குத்தகைதாரருக்கு மரத்தில் எழுத்துப்பூர்வமான பங்கு வேண்டும். ஊக்கத்தொகை நிழல் விழும் ஆண்டுகளுக்கும் நீள வேண்டும். இம்மூன்றும் இல்லாதவரை இந்தத் திட்டம் விநியோகித்த கன்றுகளுக்கே கணக்குக் காட்டும்.