மில்டன் தச்சரின் படிக்கட்டுகள்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய வீடுகள் என்றவுடன் வெள்ளைத் தூண்களின் வரிசையை நினைத்து உள்ளம் உருகுகிறவர்களோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை; சார்ல்ஸ்டனின் தாழ்வாரங்களும், சவானாவின் சதுக்கங்களும், நாட்செஸின் மாளிகைகளும் தமக்கு உரிய கீர்த்தியைப் பெற்றுவிட்டன, என் சிபாரிசு அவற்றுக்குத் தேவையும் இல்லை. ஆனால் தூண்களோடு திருப்தியடைந்துவிடுகிறவர், கோபுர தரிசனம் போதும் என்று சந்நிதிக்குள் நுழையாமலே ஊர் திரும்பும் யாத்திரிகருக்கு ஒப்பானவர் என்பது என் அபிப்பிராயம். வட கரோலினாவின் வட எல்லையில், வர்ஜீனியாவை ஒட்டிக் கிடக்கும் காஸ்வெல் கவுண்டியின் வீடுகளில் அந்தச் சந்நிதி வாசற்கதவைத் தாண்டிச் சில அடி தூரத்தில், படிக்கட்டின் கைப்பிடி இறங்கி வந்து முடியும் இடத்தில் இருக்கிறது. அங்கே நிற்கும் அடிக்கம்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மில்டன் தச்சர் தாமஸ் டேயின் பட்டறையிலிருந்து வந்ததாக இருந்துவிட்டால், அந்த வீட்டில் உள்ள மற்றவை எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சமே.

அக்காலத்துத் தச்சர்களில் பெரும்பாலோர் அடிக்கம்பத்தைக் கடைசல் பிடித்தார்கள். அடியில் திரண்டு, நடுவில் இளைத்து, தலையில் ஒரு மூடியோடு நிற்கும் அந்தக் கம்பங்களில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நினைவில் வைத்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. டே தம் பேர்போன கம்பங்களுக்குக் கடைசலை ஒதுக்கிவிட்டு, கனத்த மரத்தை எடுத்து வளைவு வளைவாக அறுத்தார். மேலிருந்து சரிந்து வரும் கைப்பிடி, கீழே வந்து சேர்ந்ததும் சட்டென்று நின்றுவிடாமல், வந்த வேகத்திலேயே ஒரு சுருளாகச் சுருண்டு, வெளிநோக்கி வளைந்து, மறுபடி உள்நோக்கித் திரும்பி, அதன் பிறகுதான் தரையில் ஊன்றுகிறது. பக்கவாட்டில் நெளிவும் சுழிவுமாகத் தோன்றும் அதே கம்பம், எதிரில் வந்து நின்று பார்த்தால் ஒடுங்கிய நேர்கோடாக மாறிவிடுகிறது. வாள் நீக்கிய வெற்றிடத்துக்கும் எஞ்சிய மரத்துக்கு நிகரான வடிவம் உண்டு என்பதை அந்த மனிதர் அறிந்திருந்தார். அவருடைய கம்பங்களைப் பார்க்கும்போது மரத்தை முதலிலும் இடைவெளியைப் பிறகுமாக இருமுறை பார்க்கவேண்டும். படிகளின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஏறும் அலைப் பட்டைகளும், வரவேற்பறைக் கணப்படுப்பின் முகப்பில் அலைபோல் முன்வந்து பின்வாங்கும் பலகையும் இதே சிந்தனையின் தொடர்ச்சிதான். ஒரு வீட்டில் கண்ட சுருளை மறு வீட்டில் அப்படியே காண்பது அரிது.

இந்த வடிவங்களுக்கு மூலம் எது என்று பண்டிதர்கள் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். அவற்றில் ஆப்பிரிக்கச் சிற்ப மரபின் ஞாபகம் மறைந்திருக்கிறது என்பார் ஒரு சாரார். அஷர் பெஞ்சமின் முதலியோர் அச்சிட்ட மாதிரிப் புத்தகங்களில் இருந்த கிரேக்கச் சுருள்களை டே தம் போக்கில் பெருக்கிக்கொண்டார் என்பார் மற்றொரு சாரார். இரண்டு கட்சிக்கும் என்னிடம் மரியாதை உண்டு. ஆயினும் மாதிரிப் புத்தகம் நாடெங்கும் எத்தனையோ தச்சர்களின் கையில் இருந்தது. இந்தச் சுருள் இந்த ஒருவரிடமிருந்துதான் வந்தது. ரசிகனுக்கு அது போதும்.

1801-இல் வர்ஜீனியாவில் சுதந்திரக் கறுப்பர் குடும்பத்தில், தச்சர் மகனாகப் பிறந்த டே, 1820-களில் டான் நதிக்கரையிலுள்ள மில்டனுக்கு வந்து கடை வைத்தார். 1830-இல் அவர் அக்வில்லா வில்சனை மணந்தபோது, வெளிமாநிலத்துச் சுதந்திரக் கறுப்பர் வட கரோலினாவில் குடியேறலாகாது என்ற சட்டம் குறுக்கே நின்றது. ஊரிலிருந்த 61 வெள்ளையர்கள் கையெழுத்திட்டுச் சட்டசபைக்கு விண்ணப்பம் அனுப்ப, அந்தப் பெண்ணுக்குத் தனி அனுமதி கிடைத்தது. 1848-இல் பிரதான வீதியிலிருந்த யூனியன் டாவர்ன் என்ற பழைய விடுதியை விலைக்கு வாங்கி, வீடும் பட்டறையுமாக்கிக்கொண்டார். 1850 வாக்கில் மாநிலத்திலேயே பெரிய மரச்சாமான் பட்டறை அவருடையதுதான். ஆளுநராயிருந்த டேவிட் ரீட் அவரிடம் தம் வீட்டுக்குச் சாமான்கள் செய்வித்துக்கொண்டார். அந்தப் பட்டறையில் வெள்ளைக்காரத் தொழிலாளரும் கூலிக்கு வேலை செய்தார்கள். டேக்குச் சொந்தமான அடிமைகளும் வேலை செய்தார்கள். இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லத் தயங்கி அவரைப் புண்ணிய புருஷராக மட்டும் சித்திரிப்பவர்களும் உண்டு, அதை மட்டுமே சொல்லி அவருடைய கைவண்ணத்தைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அந்தச் சுருள்களை அறுத்த கைகளில் அடிமைப்பட்ட கைகளும் இருந்தன என்று அறிந்துகொண்டே அவற்றை ரசிப்பதுதான் நேர்மை.

மில்டன் பிரஸ்பிட்டீரியன் கோயிலின் ஆசனங்களைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது: தம் குடும்பம் மேல்மாடத்தில் ஒதுங்காமல் வெள்ளையரோடு கீழே அமர வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் டே அவற்றைச் செய்து கொடுத்தாராம். இதற்குப் பத்திரச் சான்று இல்லை என்று சரித்திரக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். அவரும் அவர் மனைவியும் அந்தச் சபையின் அங்கத்தினர்கள் என்பதும், ஆசனங்களின் கைப்புறம் அவருக்கே உரிய முறையில் சுருண்டு முடிகிறது என்பதும் மெய். உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அதுவே போதிய விஷயம்.

இவ்வளவு சிறிய கவுண்டியில் இவ்வளவு வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றால், புகையிலையிலிருந்து. 1839-இல் ஸ்லேட் குடும்பத்தின் பண்ணையில் ஸ்டீபன் என்ற அடிமை கரித்தணலால் இலையைப் பதப்படுத்த, அது பொன்னிறமாக மாறியது. அந்தப் பொன்னிற இலைக்குக் கிடைத்த விலையே 1840, 50-களில் முற்றங்களையும் படிக்கட்டுகளையும் எழுப்பியது. அப்போது ஜனத்தொகையில் பாதிப்பேருக்குத் தம் உழைப்பின் மேல் உரிமை இல்லை. அதே கவுண்டியிலுள்ள யான்சிவில்லில் 1858-இல் வில்லியம் பெர்சிவல் வரைந்துகொடுக்க, 1861-இல் முடிந்த நியாயஸ்தலத்தின் தூண்தலைகளில் இலையும் கதிருமாகச் செதுக்கப்பட்டிருப்பவை கிரேக்கத்து அகாந்தஸ் அல்ல, உள்ளூர்ப் புகையிலையும் மக்காச்சோளமுமே. வளைவு ஜன்னல்களும் மாடக் கோபுரமுமாக ஒரு சிற்றூருக்கு மிதமிஞ்சிய அலங்காரத்தோடு நிற்கும் அந்தக் கட்டடத்தை இத்தாலியப் பாணியின் பிரியர்கள் டேயின் வேலைக்கும் மேலாக வைப்பார்கள். புகையிலைத் தூண்தலைக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் அந்தக் கட்டடத்தின் கீழறையில்தான் 1870 மே 21-ஆம் தேதி, மாநில செனட்டர் ஜான் ஸ்டீபன்ஸைக் கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் கொன்றார்கள். அதன் விளைவாகத் துருப்புகளை அனுப்பிய ஆளுநர் ஹோல்டன் மறு வருஷமே பதவி இழந்தார். மேலே நிமிர்ந்து பார்க்கிறவர்கள் கீழே இறங்கியும் பார்க்கவேண்டும்.

டேயின் கதையும் சுபமாக முடியவில்லை. நீராவி இயந்திரம் வரை வைத்துத் தொழில் நடத்தியவர், 1857-இன் பணநெருக்கடியில் கடனாளியாகி, 1861 வாக்கில் மறைந்தார். யூனியன் டாவர்ன் 1975-இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 1989-இல் தீயில் வெந்து, பிறகு அன்பர்களின் முயற்சியால் மீண்டும் எழுந்து நிற்கிறது. அது எழுந்ததில் சந்தோஷந்தான். எனக்குள்ள மனக்குறை வேறு. டேயின் கணப்படுப்பு முகப்பைப் பெயர்த்து ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் கடையில் வாங்கிய ஒட்டுப்பலகையைப் பொருத்துகிறார்கள். பழுது பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வரும் இக்காலத் தச்சர், சுருளின் ஓரத்தை இயந்திரத்தால் ஒரே சீராக மழித்துவிடுகிறார். மூலத்தில் ஓரம் அவ்வளவு சீராக இல்லை. தனியார் வீடொன்றில், வீட்டுக்காரப் பெரியவர் அனுமதிக்க, நான் அந்தச் சுருளின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்: கண்ணுக்குத் தெரியும் பக்கமெல்லாம் பல தலைமுறைக் கைகள் பட்டு வழவழத்திருக்க, உள்மடிப்பில் மட்டும் வாளின் பற்கள் போன தடம் மெல்லிய வரிகளாக அப்படியே இருந்தது. அதைத் தேய்த்து எடுப்பதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைக்கிறார்கள்.

ராலேயிலுள்ள மாநில அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் டேயின் மேஜைகளும் கட்டில்களும் இருக்கின்றன. அவை அங்கே இருப்பதே நலம் என்று வாதாடும் நண்பர்களோடு, சாமான்களைப் பொறுத்தவரை நானும் உடன்படுகிறேன். மேஜை எங்கே நின்றாலும் மேஜைதான். படிக்கட்டின் அடிக்கம்பத்தை அறுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாலோ, சரிந்து வரும் கைப்பிடியின் வேகம் இல்லாமல் அந்தச் சுருளுக்கு அர்த்தமே இல்லாமற்போகிறது. மில்டனுக்கு அருகில் காலெப் ரிச்மண்ட் கட்டிய உட்சைட் என்ற வீட்டிலும், பார்ட்லெட் யான்சியின் பழைய வீட்டில் 1856-இல் சேர்த்துக் கட்டிய முன்பகுதியிலும் டேயின் வேலை கட்டடத்தோடு சேர்ந்தே பிறந்தது. கட்டடத்தோடு சேர்ந்தேதான் அது வாழவேண்டும். ஆகையால் காஸ்வெல் பக்கம் போகும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்: தூண்களுக்காகப் போகாதீர்கள். உடையவரிடம் அனுமதி கேட்டு உள்ளே செல்லுங்கள், முதற்படியின் அருகே பக்கவாட்டில் நின்று பாருங்கள், பார்த்து முடித்ததும் அதை இடம் பெயர்க்காமல் வைத்திருப்பதற்காக வீட்டுக்காரருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். அவர் மனம் வைத்தால்தான் அடுத்த தலைமுறை அதைப் பார்க்க முடியும்.