இருக்கையும் மேடையும்

வரலாற்றறிஞர் வில்லியம் கேம்டன் 1622-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தது பணமுடிப்பு அல்ல, நிலம். அன்று கென்ட் பகுதியில் இருந்த பெக்ஸ்லி பண்ணையின் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 140 பவுண்டு வரலாற்றுப் பேராசிரியருக்குப் போக வேண்டும். மிச்சம் 99 ஆண்டுகளுக்கு நண்பர் வில்லியம் ஹெதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. கோயில் விளக்கெரிய நிலம் விட்ட நம் கல்வெட்டுக் கொடையாளர்களுக்கு இதில் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. முதல் பேராசிரியர் டெகரி வேர், ரோம வரலாற்றைச் சுருக்கி எழுதிய ஃபுளோரஸின் நூலை ஆண்டுக்கணக்காக விளக்கிக்கொண்டிருந்தார். அதனால் அரசருக்கும் தொல்லையில்லை, ஆயர்களுக்கும் தொல்லையில்லை.

கேம்பிரிட்ஜில் அப்படி நடக்கவில்லை. புரூக் பிரபுவான ஃபுல்க் கிரேவில் அங்கே ஒரு வரலாற்றுச் சொற்பொழிவுப் பதவியை ஏற்படுத்தி, ஐசக் டோரிஸ்லாஸ் என்ற டச்சுக்காரரை அமர்த்தினார். 1627 டிசம்பரில் டோரிஸ்லாஸ் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸை எடுத்துக்கொண்டு பேசினார். பேச்சு ரோமிலிருந்து நகர்ந்து, ஸ்பெயின் மன்னரை எதிர்த்து நெதர்லாந்து மக்கள் போரிட்டது நியாயமே என்ற இடத்துக்கு வந்துவிட்டது. பீட்டர்ஹவுஸ் கல்லூரித் தலைவர் மாத்யூ ரென் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். இரண்டு சொற்பொழிவுகளோடு கதை முடிந்தது. கிரேவில் மறு ஆண்டே தம் வேலைக்காரனால் குத்திக் கொல்லப்பட்டார். டோரிஸ்லாஸோ, 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னர் மீதான குற்றச்சாட்டைத் தயாரிக்க உதவி, அதே ஆண்டு ஹேக் நகரில் மன்னர் கட்சியாரின் வாளுக்கு இரையானார். ரென் அவரைச் சரியாகவே எடைபோட்டிருக்கிறார் என்று சொல்லத் தோன்றுகிறது.

1724-இல் முதலாம் ஜார்ஜ் மன்னர் இரு பல்கலைக்கழகங்களிலும் நவீன வரலாற்றுக்கு அரச இருக்கைகளை, அதாவது அரசர் பெயரிலான பேராசிரியர் பதவிகளை, நிறுவினார். தூதரகப் பணிக்கு அயல்மொழி தெரிந்த இளைஞர்கள் வேண்டும் என்பதே நோக்கம். சம்பளம் நன்றாக இருந்தது. வேலை செய்யாவிட்டாலும் கேட்பார் அதிகம் இல்லை. கவிஞர் தாமஸ் கிரே 1768-இல் கேம்பிரிட்ஜ் அரச இருக்கையில் அமர்ந்து, 1771-இல் இறக்கும்வரை ஒரு சொற்பொழிவுகூட ஆற்றவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் கொடைகளுக்குப் பின்னால் வைரமும் பத்திரிகையும் இருந்தன. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் செசில் ரோட்ஸின் கூட்டாளியாகப் பெரும்பணம் சேர்த்த ஆல்ஃபிரட் பைட், 1905-இல் ஆக்ஸ்போர்டில் குடியேற்ற நாடுகளின் வரலாற்றுக்கு ஓர் இருக்கையை நிறுவினார். பத்திரிகை அதிபர் ராதர்மியர் பிரபு முதல் உலகப் போரில் இழந்த இரு மகன்களின் பெயரில் இரண்டு இருக்கைகள் வந்தன: ஆக்ஸ்போர்டில் ஹெரால்ட் விவியன் ஹார்ம்ஸ்வொர்த் பெயரில் அமெரிக்க வரலாற்றுக்கு, கேம்பிரிட்ஜில் வீர் ஹார்ம்ஸ்வொர்த் பெயரில் கடற்படை வரலாற்றுக்கு.

பேரரசின் பெருமை பாடுவதற்காக வைத்த கொடைப்பணம் அந்தப் பாட்டையே பாடிக்கொண்டிருக்கவில்லை. பைட் இருக்கையில் 1990-இல் அமர்ந்த ஜூடித் பிரவுன், காந்தியின் அரசியலை ஆராய்ந்து பெயர் பெற்றவர். வீர் ஹார்ம்ஸ்வொர்த் இருக்கையில் 1992 முதல் இருந்த சி. ஏ. பெய்லி, வட இந்தியக் கடைவீதிகளையும் வணிகக் குடும்பங்களையும் வைத்துப் பதினெட்டாம் நூற்றாண்டு இந்தியாவைப் புதிதாக எழுதியவர். கொடையாளர் நினைத்த திசையிலிருந்து விலகியதால்தான் இந்த இருக்கைகள் பிழைத்தன என்பது என் கணிப்பு.

ஆனாலும், வரலாற்று எழுத்தை அதிகம் அசைத்தது இருக்கையா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். ஜேம்ஸ் ஃபோர்டு என்ற பாதிரியாரின் கொடையைப் பாருங்கள். ஆக்ஸ்போர்டில் ஆங்கில வரலாற்றுக்கு ஒரு பேராசிரியரை அமர்த்த அவர் விட்டுச்சென்ற தொகை வட்டி சேர்ந்து வளரப் பல பத்தாண்டுகள் கிடந்தது. கடைசியில், 1896-இல், ஆண்டுக்கு ஒருவரை அழைக்கும் சொற்பொழிவாக அது உருவெடுத்தது. முதலில் வந்தவர் எஸ். ஆர். கார்டினர், அடுத்து எஃப். டபிள்யூ. மெய்ட்லண்ட். இன்றும் சனவரியில் தொடங்கும் பருவத்தில், வழக்கமாக ஆறு சொற்பொழிவுகள்.

இந்த மேடையில் யார் யார் ஏறினார்கள் என்பதே முக்கியம். கேம்பிரிட்ஜின் கர்டன் கல்லூரியில் வரலாற்றுத் தேர்வில் முதல் வகுப்பில் தேறிய ஐலீன் பவருக்கு அந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தரவில்லை. பெண்களுக்கு அங்கே முழுப் பட்டம் 1948-இல்தான் வந்தது. அவரை 1939-இல் ஃபோர்டு மேடை அழைத்தது. இடைக்கால இங்கிலாந்தின் கம்பளி வணிகம் பற்றி அவர் அங்கே பேசியது, அவர் இறந்தபின் 1941-இல் நூலாயிற்று. ஆக்ஸ்போர்டின் அரச இருக்கையில் முதல் பெண்ணாக லிண்டல் ரோப்பர் அமர்ந்தது 2011-இல். 1724-லிருந்து எண்ணினால் 287 ஆண்டுகள்.

கே. பி. மெக்ஃபார்லேன் ஆக்ஸ்போர்டில் கல்லூரி ஆசிரியராகவே இருந்தவர். பேராசிரியர் பதவி வகித்ததில்லை. அச்சுக்குக் கொடுக்கவே அஞ்சியவர் போல மிகக் குறைவாக வெளியிட்டவர். 1953-இல் ஃபோர்டு சொற்பொழிவுக்கு நாள் குறித்துவிட்டதால் எழுதியே தீர வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் பிரபு குலங்களைப் பற்றிய அந்த உரைகள் 1973-இல், அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின் நூலாக வந்தபோது, அந்தத் துறையின் அடிப்படை நூலாயின. ஏ. ஜே. பி. டெய்லர் 1956-இல் இதே மேடையில் பிரிட்டனின் வெளியுறவுக் கொள்கையை எதிர்த்தவர்களின் வரலாற்றைச் சொன்னார். மறு ஆண்டு அரச இருக்கை காலியானது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அன்றைய பிரதமர். அது டெய்லருக்கு அல்ல, ஹியூ ட்ரெவர்-ரோப்பருக்குக் கிடைத்தது.

கேம்பிரிட்ஜில் இ. எச். கார் 1961-இல் ஆற்றிய ட்ரெவெல்யன் சொற்பொழிவுகளும் இந்த வகைதான். கார் தூதரக அதிகாரியாகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர்; அங்கே அவர் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல, டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுநர். 'வரலாறு என்றால் என்ன?' என்று ஆறு முறை மேடையேறிக் கேட்டு அவர் தந்த விடைகளோடு இன்றைய இந்திய வரலாற்று மாணவர்களும் மல்லுக்கட்டுகிறார்கள். மேடைப் பேச்சாக இல்லாமல் ஆய்வேடாக எழுதியிருந்தால், சக அறிஞர்களைப் பெயர் சொல்லிச் சீண்டும் அந்தத் துணிச்சல் இருந்திருக்குமா என்பது ஐயம்.

இருக்கையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1929 முதல் பல ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியராக இருந்தார். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளைப் படித்து 1935-இலும் 1937-இலும் சோழர் வரலாற்றை வெளியிட, சம்பளமும் நூலகமும் அவகாசமும் இல்லாமல் முடிந்திருக்காது. அதே சாஸ்திரி 1946-47-இல் சர் வில்லியம் மேயர் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்டது ஸ்ரீவிஜயத்தின் வரலாறு. சோழர் வரலாற்றில் ராஜேந்திரன் படை போய்த் தாக்கிய ஊராக வரும் அந்த அரசு, இங்கே தனக்கென ஒரு வரலாறு உள்ள நாடாக நடுவே வந்து நின்றது. பல்கலைக்கழகமே அதை 1949-இல் அச்சிட்டது.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டியபோது தமிழ்நாடு அரசே 10 கோடி ரூபாய் தந்தது. அதன் வட்டியில் ஒருவர் பல்லாண்டு அமர்ந்து தமிழ் கற்பிக்கலாம், நல்லதுதான். அந்தத் தொகையில் சிறு பங்கு இருந்தாலே, வேலை நிரந்தரமில்லாத இளம் ஆய்வாளர்களையும் கல்லூரிக்கு வெளியே உழைக்கும் கல்வெட்டறிஞர்களையும் ஆண்டுக்கு ஒருவராக அழைத்து, ஆறு மாலைகள் தமிழில் பேசவைத்து, மறு ஆண்டுக்குள் அச்சிட்டே ஆகவேண்டும் என்று ஆவணத்தில் எழுதிவைக்கலாம். அச்சிடும் நிபந்தனையை மட்டும் விட்டுவிடக் கூடாது.