சரபோஜியின் கடிதமும் நூறு ரூபாயும்

தஞ்சாவூர் மராட்டியர் சத்திரங்களைப் பற்றி வருகிற கட்டுரைகள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ஒரத்தநாடு முத்தம்பாள் சத்திரத்தின் தேர் போன்ற முகப்பையும் மரத்தூண்களையும் படம் பிடித்துப் போட்டு, பராமரிப்பு இல்லையே என்று வருத்தப்பட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டடங்களுக்குள் பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று கேட்பவர்கள் குறைவு.

1801-இல் இரண்டாம் சரபோஜி கம்பெனி ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் இதற்கு நல்ல ஆவணம். முன்னோர் சத்திரங்களுக்கு விட்ட மானியத்தில் கை வைக்காதீர்கள் என்பதுதான் சாரம். நடுவே ஒரு பகுதி வருகிறது. வழியில் இறந்துபோன பயணிகளின் பிள்ளைகளைச் சத்திரத்து வாத்தியார் பொறுப்பில் விடுகிறார்கள். 3 வேளை சோறு, துணி, மருந்து, விருப்பப்பட்ட படிப்பு, கடைசியில் கல்யாணச் செலவு வரைக்கும் சத்திரத்துக் கணக்கு. 4 நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துவிடுவதைக்கூட ராஜா விடவில்லை.

இதை அப்படியே நம்பிப் புல்லரிக்க வேண்டாம். மானியத்தைக் காப்பாற்ற எழுதியது, கொஞ்சம் கூட்டியும் எழுதியிருக்கலாம். ஒரத்தநாடு, ராஜாமடம் சத்திர விடுதிகள் பிராமணரல்லாத மாணவர்களுக்குத் திறக்க 1920களில் ஏ.டி.பன்னீர்செல்வம் ஜில்லா போர்டு தலைவராக வர வேண்டியிருந்தது. சத்திரப் பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

சரி, இன்றைய கணக்குக்கு வருவோம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 பங்கு போடுகின்றன. இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பராமரிப்புத் தொகை மாதம் 3,000 ரூபாய். ஊழியர் சம்பளம் தனி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நாளுக்கு 100 ரூபாய்தானே? தஞ்சாவூரில் நடுத்தர ஓட்டலில் ஒரு சாப்பாட்டுக்கே அது பத்தாது.

தொகையைவிட என்னை உறுத்துவது, யாருக்குக் கொடுக்க நமக்கு மனசு வருகிறது என்பது. சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகப்பட்டினத்தில் அரசு இல்லமே திறந்தார்கள். நல்ல காரியம். கொரோனாவில் இரண்டு பெற்றோரையும் இழந்தால் 5 லட்சம் வைப்புத்தொகை. அதுவும் நல்ல காரியம். சரபோஜியின் பிள்ளைகளும் பெற்றோரைப் பறிகொடுத்தவர்களே. பெரிய தொகை வர வேண்டுமென்றால் முதலில் ஒரு சாவு விழ வேண்டும் போல.

டெல்டாவில் ஆட்டுக்கிடைக்கும் வாத்து மேய்க்கவும் அடகு வைக்கப்படுகிற பையனுக்கு அப்பா, அம்மா இருக்கிறார்கள். கடன் வாங்கியதும் அவர்களே. கோட்டாட்சியர் மீட்டு விடுவிப்புச் சான்று கொடுப்பார், குழந்தைகள் நலக் குழு விசாரிக்கும். திருப்பி வீட்டுக்கு அனுப்பினால் அதே கடன் காத்திருக்கிறது. குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை விதியில் இருக்கிறது. ஆனால் அது விண்ணப்பம், விசாரணை, ஒப்புதல் என்று நகர வேண்டிய பணம். அது வந்து சேருகிற வரைக்கும் பையன் எங்கே படுப்பான்?

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 43-ஆவது பிரிவு இதற்காகவே திறந்த தங்குமிடம் என்று ஒன்றைச் சொல்கிறது. குறுகிய காலம் தங்கலாம், அனாதையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வருஷா வருஷம் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நிதியில் இதை நடத்துவது கஷ்டம். சத்திரத்தை மானிய நிலம் தாங்கியது. அறுவடை ஆனால் வருமானம், யாரும் டெல்லியில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

அந்த நிலங்களில் மிச்சமிருப்பது இன்றும் சத்திரம் நிர்வாகத்தின் கையில், தனி வட்டாட்சியரின் கீழ் இருக்கிறது. மேலதிகாரி மாவட்ட ஆட்சியர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அவர்தான் மேலே. இரண்டு கோப்பும் ஒரே மேசைக்குத்தான் போகின்றன. குத்தகை வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, பட்டுக்கோட்டைப் பக்கம் 25 பிள்ளைகளுக்கு ஒரு திறந்த தங்குமிடம் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கடிதத்தின் அந்தப் பகுதியையும் தமிழாக்கி இணைக்கிறேன், எண்ணெய்க் குளியல் உட்பட.