களுத்துறைக் கிழவரும் திருமலை வெளிச்சமும்

பழைய புகைப்படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பார்கள். ஒரு பக்கத்தாருக்கு லயனல் வென்ட்தான் எல்லாம். அவருக்கு முன்னால் இந்தத் தீவில் யாரும் ரசனையோடு கமராவைத் தொட்டதே இல்லை என்பார்கள். மற்றப் பக்கத்தார் பிளாட்டே கம்பெனியின் தபாலட்டைகளைத் தேடிச் சேர்ப்பவர்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் கயிறுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால் அவர்களுக்கு மனம் நிறைந்துவிடும். இரு சாராரோடும் திருமலையில், உவர்மலையில் எத்தனையோ மாலைகள் வாதாடியிருக்கிறேன். என் மனமோ ஜூலியா மார்கரெட் கமரன் களுத்துறையில் எடுத்த படங்களை விட்டு நகர்வதில்லை. 1875இல் கணவரோடு இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்தவர், 1879 ஜனவரியில் மலைநாட்டுத் தோட்டமொன்றில் கண்மூடினார். அந்த இடைக்காலத்தில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 30க்கும் குறைவு. அந்தச் சிறு கட்டுக்குப் பின்னால்தான் அவர் எடுத்த டெனிசன், கார்லைல் முகப்படங்களையும் நான் வைப்பேன்.

அந்தக் கட்டிலும் ஒரு படம். ஆண்டு 1878. களுத்துறைக் குடியானவர்கள் சிலர். படத்தின் தலைப்பே நீளமானது: சிறுமிக்கு 12 வயது, தானே அவளுடைய தகப்பன் என்கிறார் கிழவர், தனக்கு 100 வயது என்றும் சொல்கிறார். அவ்வளவுதான். அதைக் கமரன் நம்பினாரா என்று தலைப்பு சொல்வதில்லை. கிழவர் சொன்னதைச் சொன்னபடியே பதிந்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற ஸ்ரூடியோக்களில் கப்பல் பயணிகளுக்கென்று விற்ற படங்களில் ‘தமிழ்ப் பெண்’ இருப்பாள், ‘மூர் வியாபாரி’ இருப்பார். யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். இங்கே பெயர் இல்லை. அது பெரிய குறைதான். ஆனால் ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொன்ன வாக்கு இருக்கிறது. நூறு வயது என்று அவர் சொன்னபோது சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களா, தலையாட்டினார்களா? ஒவ்வொரு முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போதும் இந்தக் கேள்வி எனக்குள் எழும். சிறுமியின் முகத்தைப் பார்த்து விடை தேடுவேன்.

கமரனின் இலங்கைப் படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். படமெடுத்தவர் தோட்ட முதலாளியின் மனைவி. அதுவும் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதே சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவி. நில் என்றால் நிற்கத்தான் வேண்டும். இதை மறைத்துக்கொண்டு அழகை மட்டும் ரசிக்கிற ரசனை எனக்கு ஒத்துவராது. ஆனாலும் நின்றவர்கள் வெறுமனே நிற்கவில்லை. நிமிடக் கணக்கில் அசையாமல் நிற்கச் சொன்னால் போட்டுக்கொண்ட முகபாவம் எதுவும் தங்காது. முதல் சில நொடிகளில் மரியாதை விலகும். பிறகு அலுப்பு வரும். அலுப்பும் தீர்ந்தபின் சொந்த முகம் வரும். அந்த முகந்தான் பிளேட்டில் தங்கியிருக்கிறது.

கமரனுடைய படங்களின் மங்கலைத் தெரியாத்தனம் என்று சொல்லித் தள்ளியவர்கள் அவருடைய காலத்திலேயே இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கமராவில் இருந்தது ஒரு பிரெஞ்சு ஜாமின் லென்ஸ். கண்ணுக்குத் தெரியும் கூர்மை ஓரிடத்தில் விழும். நீல ஒளியை மட்டுமே உணரும் பிளேட்டின் கூர்மை இன்னோரிடத்தில் விழும். அந்த அளவில் அது லென்சின் குற்றந்தான். ஆனால் 1866இல் அதைவிடப் பெரிய கமராவும் டால்மெயரின் ரப்பிட் ரெக்டிலினியர் லென்சும் அவர் கைக்கு வந்துவிட்டன. அன்றைக்கு அதைவிடத் திருத்தமான லென்ஸ் கிடைப்பது அரிது. அதை வைத்துக்கொண்டும் அவர் மங்கலாகவே எடுத்தார் என்றால், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தினார் என்றுதானே பொருள்?

திருமலைக்காரனுக்குக் களுத்துறைமேல் ஏன் இந்தப் பிடிப்பு என்று கேட்கலாம். கமரன் பயன்படுத்திய ஈரக் கொலோடியன் பிளேட்டைக் கடற்கரையில் கையாள்வது எவ்வளவு பாடு என்பதை இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உப்புக் கலந்த தண்ணீர் பட்டால் வெள்ளி நைத்திரேற்று பாலாகத் திரிந்துவிடும். மழைநீரைச் சேர்த்து வைக்க வேண்டும். சூட்டில் ஈதர் பறந்துவிடும். சீமையில் பத்து நிமிடம் ஈரமாக இருக்கும் பிளேட் இங்கே அதற்கு முன்பே காயத் தொடங்கும். பூசி, வெள்ளிக் குளியலில் தோய்த்து, படம் பிடித்து, கழுவி எடுக்கும் வரை ஓட்டந்தான். நீலம் தவிர வேறொன்றையும் அந்தப் பிளேட் சரியாகக் காணாது என்பதால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும், மாநிறத் தோல் இருண்டுபோகும், வெள்ளைச் சேலை கண்ணைப் பறிக்கும். கமரன் இந்தக் குறைபாட்டோடு சண்டை போடவில்லை. சேலையை வெளிறவிட்டு, தோலின் மினுமினுப்பை இருட்டுக்குள்ளிருந்து மெல்ல எழ வைத்தார். இங்கிலாந்தில் கறுப்புத் துணியைப் பின்னால் கட்டி வரவழைத்த ஆழம் இங்கே மனிதர்களின் நிறத்திலிருந்தே வந்துவிட்டது.

அவர் திருமலைக்கு வந்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. கிழக்கே கோணேசர் மலைக்குப் பின்னாலிருந்து கடலில் எழும் சூரியன். மேற்கே உட்துறைமுகத்தின் மேல் விழும் சூரியன். நடுவில் ஒரு துண்டு நிலம். வாடைக் காலத்தில் மழை விட்ட காலையில் இராவணன் வெட்டுப் பக்கம் நின்றால் ஒளி ஒரு திசையிலிருந்தும் வராமல் எல்லாத் திசையிலிருந்தும் வரும். முகம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. கச்சான் வீசும் ஆனி, ஆடியில் அது கிடைக்காது. வானம் வெளிறி, நிழல் கத்தரித்து நிற்கும். ஆனால் இந்த வெளிச்சத்துக்கு ஆள் வரவில்லை. காரணம் கப்பல் பாதை. பயணிகள் கப்பல்கள் முதலில் காலியிலும், அலைதாங்கி அணை கட்டி முடிந்த 1880களுக்குப் பிறகு கொழும்பிலும் நின்றன. ஸ்ரூடியோக்களும் அவற்றின் பின்னாலேயே போயின. திருமலைக்கு ரயில் வந்தது 1927இல். உலகமே புகழ்ந்த துறைமுகமாக இருந்தும் இங்கே நின்றவை போர்க்கப்பல்கள். போர்க்கப்பலுக்குக் கயிறும் கொடிமரமும் கூர்மையாகத் தெரிந்தால் போதும். கடலோரத்துத் தமிழ் முகங்களை நிதானமாக நிறுத்தி எடுக்க ஆளில்லை. பிறகு வந்த நீண்ட பாதுகாப்புக் கெடுபிடிக் காலத்தில், துறைமுகத்தைப் பார்த்துக் கமராவைத் தூக்குவதற்கே நமக்குப் பயமாக இருந்தது.

நான் மங்கலை ரசிக்கக் கற்றது ஒரு கறுப்புத் துணிக்குள். சிறுவனாக இருந்தபோது கடைத்தெருவில் இருந்த ஸ்ரூடியோவில் தேக்கில் செய்த அரைப் பிளேட் கமரா ஒன்று நின்றது. சூட்டு நாடுகளுக்கென்று சீமையில் செய்தது. ஈரத்தில் பசை விட்டுப் பலகை பிரியாதிருக்க மூலைக்கு மூலை பித்தளைப் பட்டி அடித்திருந்தது. எல்லாப் படத்தையும் ஃபிலிம் றோலிலேயே முடித்துவிடக்கூடிய காலத்திலும், முகம் மட்டும் எடுப்பதென்றால் ஸ்ரூடியோக்கார ஐயா அந்தக் கமராவைத்தான் உருட்டிக்கொண்டு வருவார். அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு என்னைத் துணிக்குள் கூப்பிட்டார். தேய்த்த கண்ணாடியில் அம்மா தலைகீழாக இருந்தார். ஐயா பித்தளைக் குமிழைத் திருப்பத் திருப்ப, முதலில் மூக்குத்தி ஒரு புள்ளியாக ஒளிர்ந்தது. பிறகு கண். அங்கே நிறுத்திவிட்டார். காதில் இருந்த தோடு கல்லும் தெரியாமல் வேலைப்பாடும் தெரியாமல் ஒரு வெளிச்ச வட்டமாகக் கரைந்து கிடந்தது. “தோடு தெரியேல்லையே” என்றேன். “தோட்டைப் பார்க்க நகைக்கடைக்குப் போ தம்பி, இது அம்மாட படம்” என்றார். லென்சின் மூடியைக் கழற்றி, “மூச்சு விடலாம், தலையை மட்டும் அசைச்சிடாதீங்க அக்கா” என்று சொல்லி வாய்க்குள் எண்ணி, மூடியைத் திரும்பப் போட்டார். அந்தப் படத்தில் அம்மாவின் முகம் கண்ணிலிருந்து பின்னால் போகப் போக மெல்ல மெல்ல மறைகிறது. அதில் இன்னும் என் கண் சலிக்கவில்லை.

வென்ட் ரசிகர்களோடு எனக்கு உள்ள வழக்கு இதில்தான் தொடங்குகிறது. வென்ட் பெரிய கலைஞர், மறுப்பதற்கில்லை. தகப்பனார் 1906இல் தொடங்கிய இலங்கை அமெச்சூர் போட்டோகிராபிக் சொசைட்டியின் மூத்தவர்களில் ஒருவர். மகன் பியானோவிலிருந்து கமராவுக்கு வந்தவர். லைக்காவும் றோலிஃப்ளெக்சும் அவர் கையில் எப்படி அடங்கி நின்றன என்பது இருட்டறையில் நாள் கழித்தவர்களுக்குத் தெரியும். சோலரைசேஷனில் அவர் கொண்டுவந்த அந்தக் கறுப்புக் கோடு இன்றுவரை வேறொருவருக்கும் இங்கே வாய்க்கவில்லை. 1938இல் லண்டன் கமரா கிளப்பில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. 1944இல் அவர் இறந்தபின், 1950இல் அவருடைய படங்களின் பெரிய நூலும் வந்தது. ஆனால் அவருடைய மீனவர்களும் இளைஞர்களும் படத்துக்காகவே நிற்கிறார்கள். ஒளி எண்ணெய் பூசியது மாதிரித் தோளில் வழிகிறது, தசை அதற்கு ஒத்துழைக்கிறது, முகமோ பல படங்களில் நம்மைப் பாராமல் அப்பால் திரும்பிவிடுகிறது. களுத்துறைக் கூட்டத்தை அப்படிக் கண்ணால் வருடிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

முதுகின் அழகு கமரனுக்குத் தெரியாதென்று யாரும் எண்ண வேண்டாம். 1877இல் அவர் வீட்டில் தங்கிய ஓவியர் மரியான் நோர்த் எழுதியிருக்கிறார்: ஒரு மனிதனுடைய முதுகு மிக அழகாக இருக்கிறதென்று கமரன் மகனை வற்புறுத்தி அவனைத் தோட்டக்காரனாக வேலைக்கு வைத்துக்கொண்டாராம். வீட்டில் தோட்டமே இல்லை! நோர்த்தையும் அவர் விடவில்லை. சால்வைகளைப் போர்த்தி, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, தென்னோலைக்கு முன்னால் உச்சி வெயிலில் நிறுத்தினார். கோப்பி நோயால் தோட்ட வருமானம் சரிந்துகொண்டிருந்த வீடு அது. சுவரெல்லாம், மேசையெல்லாம், தரையெல்லாம் படங்கள். நடுவில் ஈரம் பிடித்த புத்தகங்கள்.

இத்தனையும் ஏன் கண்காட்சிச் சுவர்களுக்குப் போகவில்லை என்பதுதான் என் நெடுநாள் மனத்தாங்கல். 1892இல் லண்டனில் லிங்க்ட் ரிங் என்ற புகைப்படக் கலைஞர் குழு கூடியது. அடுத்த ஆண்டு டட்லி கலரியில் தங்கள் முதல் சலோனை நடத்தினார்கள். 1905இல் நியூயோர்க்கில் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸ் 291 கலரியைத் திறந்தார். கம்-பைகுரோமேற்று என்றும் பிளாட்டினம் என்றும், 1907க்குப் பிறகு புரோமோயில் என்றும் எத்தனை அச்சு முறைகள்! லென்ஸ் செய்பவர்கள் மங்கலைக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். 1896இலேயே டால்மெயர்–பெர்க்ஹைம் லென்ஸ் வந்துவிட்டது. இவர்கள் எல்லோருக்கும் கமரன் பாட்டியார். 1913 ஜனவரியில் ‘கமரா வேர்க்’ 41ஆம் இதழில் ஸ்டீக்லிட்ஸ் அவருக்கு இடம் கொடுத்தார். யாரைப் போட்டார்? கார்லைல், ஹெர்ஷல், யோவாக்கிம், எலன் டெரி. களுத்துறைக் கிழவர் இல்லை.

இதே ஸ்டீக்லிட்சின் 27 படங்களை 1924இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோனவர் நம்முடைய ஆனந்த குமாரசுவாமி. அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகமொன்று புகைப்படத்தைக் கலையென்று ஏற்ற முதல் சந்தர்ப்பம் என்று அதைச் சொல்வார்கள். முத்துக்குமாரசுவாமியின் மகன், 1877இல் கொழும்பில் பிறந்தவர். கமரன் களுத்துறையில் நோர்த்தைத் தென்னோலைக்கு முன்னால் நிறுத்திய அதே ஆண்டு. அந்த இரண்டு கோடும் எங்காவது சந்தித்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு ஓய்வதில்லை.

இப்போதைய நிலையைச் சொன்னால் வயிறெரியும். கைபேசி தானாகவே பின்னணியை மங்கலாக்கித் தருகிறது. தலைமயிரின் ஓரத்தைச் சுற்றி வேலி போட்டமாதிரி ஒரு கோடு; கோட்டுக்கு உள்ளே எல்லாம் கூர்மை, வெளியே எல்லாம் குழம்பு. மூக்கும் காதும் ஒரே தூரத்தில் இருக்கிற முகம் உலகத்தில் எங்கே இருக்கிறது? கல்யாண அல்பங்களில் மணமகளின் தோல் முழுவதும் துடைத்து மெழுகியிருக்கும், தோட்டின் கல் ஒவ்வொன்றும் மின்னும். ஊரில் கண்காட்சி வைத்தால் ஃப்ளெக்சில் ஆறடிக்கு அச்சிட்டு டியூப்லைட்டின் கீழே கட்டிவிடுகிறார்கள். பார்ப்பவர் பத்தடி தள்ளி நின்று தன்னையும் சேர்த்துப் படமெடுத்துவிட்டுப் போகிறார்.

கமரனின் படங்கள் கொன்டாக்ட் பிரிண்ட்கள். பிளேட்டின் அளவுதான் படத்தின் அளவு. கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டியவை. திருமலையில் ஒரு மண்டபமும் நல்ல பிரதிகளும் என் பொறுப்பில் கிடைத்தால், எல்லாவற்றையும் அதே அளவில், கண் மட்டத்தில், வடக்குப் பக்க ஜன்னல் வெளிச்சத்தில் தொங்கவிடுவேன். டெனிசனையும் ஹெர்ஷலையும் வாசலுக்கு அருகே வைத்துவிடலாம். உள்ளே நீளச் சுவர் முழுக்கக் களுத்துறை. கிழவரின் படத்தின் கீழே அந்த நீண்ட தலைப்பைத் தமிழில், பெரிய எழுத்தில். பிளாட்டே தபாலட்டைகளுக்குக் கண்ணாடிப் பெட்டி ஒன்று. வென்டுக்குப் பக்கத்து அறை முழுவதையும் தருவேன். அவருடைய ரசிகர்கள் அந்த அறைக்குப் போக நீளச் சுவரைக் கடந்துதான் போக வேண்டும்.