காந்திக்குக் கான்ஸ்டபிள் வேலை கிடைக்குமா?

திண்டுக்கல்லிலிருந்து மதுரை பஸ்ஸில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் சின்னாளபட்டி. பக்கத்திலேயே காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் ஆரம்பித்த இடம். இங்கே மாணவர்களுக்குச் சாந்தி சேனைப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஊரில் கலவரம் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளாமல், வெறுங்கையோடு நடுவில் போய் நிற்கிற பயிற்சி.

அப்படி நடுவில் போய் நிற்கிற பையனுக்கு நம் ஊரில் என்ன ஆகும் தெரியுமா? எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறும்.

கோயில் திருவிழாவில் தகராறு. நாலு பேர் அடித்துக்கொள்கிறார்கள், நாற்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். போலீஸ் வருகிறது. ஐந்து பேர் சேர்ந்தாலே 'சட்டவிரோதக் கூட்டம்' ஆகலாம். 147, 148, 294(பி), 323, 506(2) என்று கிராமத்தில் சின்னப் பிள்ளைகூட ஒப்பிக்கும் பிரிவுகள். 2024 ஜூலையில் பி.என்.எஸ். வந்தபின் எண்கள் மாறிவிட்டன, பழக்கம் மாறவில்லை. பெயர் தெரிந்தவர்களை எழுதிவிட்டு, 'மற்றும் பலர்' என்று முடிப்பார்கள். அந்தப் 'பல'ரில் நீங்களும் இருக்கலாம், உங்கள் பையனும் இருக்கலாம்.

வழக்கு வருஷக்கணக்கில் நடக்கும். அதற்குள் ஊர் சமாதானமாகிவிடும். சாட்சிகள் பல்டி அடிப்பார்கள். 'சந்தேகத்தின் பலனை அளித்து' விடுதலை. பையன் நிம்மதியாகக் கான்ஸ்டபிள் தேர்வு எழுதி, ஓடி, கயிறு ஏறி, பாஸும் ஆகிவிடுவான். அப்புறம்தான் போலீஸ் வெரிஃபிகேஷன்.

இங்கேதான் தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதி 14(பி) குறுக்கே நிற்கிறது. சந்தேகத்தின் பலனிலோ, புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவர், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்கிறது அது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் இதை ஏற்றுக்கொண்டது. கோர்ட் 'போய் வா' என்று அனுப்பியவனை, நியமன அதிகாரி 'அங்கேயே நில்லு' என்கிறார்.

அவசரப்பட்டு அரசைத் திட்டிவிட வேண்டாம். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சாதிக் கலவரத்தில் குடிசைக்குத் தீ வைத்தவன், நாளைக்குக் காக்கிச் சட்டையில் அதே தெருவுக்கு வந்தால், குடிசை இழந்தவர் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்? சாட்சி பயந்து பல்டி அடித்ததால் தப்பித்தவனும் உண்டே! தடை வேண்டும். ஆனால், தீ வைத்தவனுக்கும் தண்ணீர் ஊற்றப் போனவனுக்கும் ஒரே தடையா?

2021-ல் பீகார் போலீஸ், வன்முறைப் போராட்டத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலே அரசு வேலைக்குச் சிக்கல் என்று கடிதம் அனுப்பியது. அதே வருஷம் காஷ்மீரில் கல்லெறிந்தவர்களுக்கு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பாதுகாப்புச் சான்று கிடையாது என்று சுற்றறிக்கை. தீர்ப்பு பிறகு வரட்டும், தண்டனை முதலில்!

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் மனிதத்தன்மையோடு பேசியிருக்கிறது. 2011-ல் சந்தீப் குமார் வழக்கு. டெல்லி போலீஸில் ஹெட் கான்ஸ்டபிளாகத் தேர்வானவர், பழைய அடிதடி வழக்கை மறைத்தார் என்று வேலை மறுக்கப்பட்டது. நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அவர் பக்கம் நின்றார். ரொட்டி திருடிய ழான் வால்ழானையும், மொழிக்காகக் கோர்ட்டில் கலாட்டா செய்து ஜெயிலுக்குப் போன வேல்ஸ் மாணவர்களையும் தீர்ப்பில் நினைவுபடுத்தினார். மொழிக்காக 1965-ல் தெருவுக்கு வந்த தமிழ்நாட்டுக்கு இது புரியாதா என்ன? 2016-ல் அவதார் சிங் வழக்கிலும், இளவயதில் கோஷம் போட்டது மாதிரியான சின்ன வழக்குகளை மன்னிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால், 'மன்னிக்கலாம்' என்பது அதிகாரியின் இஷ்டம். 'லாம்'மை நம்பி ஒரு பையன் எத்தனை வருஷம் கோர்ட் படி ஏறுவது?

பலம் உள்ள கூட்டத்துக்கு மன்னிப்பு தானாக வருகிறது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளில் பெரும்பாலானவை வாபஸ் என்று 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன், சட்டசபையிலேயே அறிவித்தார் முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி. நல்லதுதான். திருவிழாத் தகராறில் மாட்டியவனுக்கு எந்த சட்டசபை?

இன்னொரு வேடிக்கை. சாதாரண கலவரப் பிரிவில் தண்டனையே பெற்றிருந்தாலும், அது இரண்டு வருஷத்துக்குக் குறைவு என்றால் எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கலாம். ஜெயித்தால் மந்திரியும் ஆகலாம். விடுதலையான பையன், அவருக்கு சல்யூட் அடிக்கிற கான்ஸ்டபிள் ஆக முடியாது.

பிரிட்டனில் 1974-லேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால், பழைய தண்டனை பெரும்பாலான வேலைகளுக்குக் கணக்கில் வராது. நாமும் அப்படிக் கோடு போடலாம். கொலை, தீவைப்பு, வன்கொடுமை - இவற்றில் தண்டனை என்றால் கதவை மூடுங்கள். மற்றதில் அவன் என்ன செய்தான், அப்போது வயது என்ன, பிறகு எப்படி வாழ்ந்தான் என்று பாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்.

1922-ல் அகமதாபாத் கோர்ட்டில் நின்றவர், சௌரி சௌரா வன்முறையிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ள முடியாது என்று தானே சொன்னார். ஆறு வருஷ தண்டனை வாங்கிக்கொண்டார். அவர் பெயரில்தான் இந்த கிராமம் இருக்கிறது. 'உங்கள் மீது வழக்கு உண்டா?' என்ற கட்டத்தில் அவர் நிச்சயம் உண்மையைத்தான் எழுதியிருப்பார்.

வேலை கிடைத்திருக்காது.