வெறியாட்டும் வேடர் சடங்கும்: நோய்தீர்த்தல் பற்றிச் சில குறிப்புகள்

சங்க அகப்பாடல்களில் இடம்பெறும் வெறியாட்டைப் பற்றி நம்மிடையே நிலைபெற்றுவிட்ட கருத்தொன்றுண்டு. மகளின் மெலிவு கண்டு கலங்கிய தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு பார்த்து, முருகு அணங்கியதால் வந்த நோய் என்கிறான், மறியறுத்து வெறியயர்கிறான். நோய்க்குக் காரணம் காதலே என்பதை அறிந்த தலைவியும் தோழியும் அவனை எள்ளி நகையாடுகின்றனர். ஆகவே பண்டைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மூடநம்பிக்கையை மறுத்த பகுத்தறிவாளர் என்பது முடிபு. மேடைகளில் கைதட்டலைப் பெற்றுத்தரும் இம்முடிபை முற்போக்கு அணியைச் சார்ந்த நாமும் பல வேளைகளில் கேள்வியின்றி ஏற்றிருக்கிறோம்.

பாடல்களோ இவ்வளவு எளிதாக இணங்குவனவாயில்லை. குறுந்தொகை 362 ஆம் பாடலில் தோழி வேலனைப் பார்த்துக் கேட்பது, நீ இடும் பலியை இவளது நோய்க்குக் காரணமான மலைநாடனின் மார்பும் உண்ணுமோ என்பதாகும். பலி பயனற்றதென்று அவள் கூறவில்லை; உண்ண வேண்டியவன் வேறொருவன் என்கிறாள். நற்றிணை 34 ஆம் பாடலில் தோழி முருகனையே முன்னிலைப்படுத்துகிறாள். இந்நோய் உன்னால் வந்ததன்று என்று அறிந்திருந்தும், அழைத்ததும் வந்து நிற்கிறாயே, கடவுளாயினும் நீ அறியாமை உடையவனே என்கிறாள். துணிச்சலான பேச்சுத்தான். ஆயினும் இல்லாத ஒருவனை எவரும் ஏசுவதில்லை. அகநானூறு 22 ஆம் பாடலில் வெறிபாடிய காமக்கண்ணியார் காட்டும் தலைவி, வெறியயர்ந்த அதே இரவில் காதலன் வந்து தழுவியதை நினைந்து நகுகிறாள். இங்கு நகைப்புக்கு உள்ளாவது சடங்கன்று. சடங்கை நடத்தும் இல்லத்தார் தம் மகளைப் பற்றி எதுவும் அறியாதிருக்கும் நிலையேயாகும்.

அகத்திணையின் ஒரு துறையாகச் சுருங்குவதற்கு முன்னர் இச்சடங்கு எத்தகையதாயிருந்தது? தொல்காப்பியம் களவியலில் வெறியாட்டிடத்துத் தலைவி அஞ்சுவதைக் குறிப்பிடுகிறது. அதே நூலின் புறத்திணையியல் வேலனின் வெறியாட்டை வெட்சித்திணையோடு சேர்த்து வைக்கிறது. ஆநிரை கவரும் போர்க்குழுவின் சடங்கும் ஒரு பெண்ணின் உடல்மெலிவுக்கான சடங்கும் ஒரே பெயர் பெற்றிருப்பது தற்செயலன்று. திருமுருகாற்றுப்படையின் இறுதிப் பகுதியில் மறியின் குருதியோடும் தினையோடும் மலைவாழ் மக்கள் நிகழ்த்தும் வழிபாடும் ஊரே கூடி நிற்கும் வழிபாடாகும். முன்னர் குழுவினுடையதாயிருந்த ஒன்று பின்னர் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இவ்விடத்தில் ஒப்பீட்டுக்கு ஆபிரிக்காவையோ அவுஸ்திரேலியாவையோ நாம் தேடிச்செல்ல வேண்டியதில்லை. இலங்கை வேடரைப் பற்றி ஸெலிக்மன் தம்பதியர் எழுதிய நூல் 1911 இல் வெளியாயிற்று. குடியேற்ற ஆட்சியின் நிழலில் எழுந்த நூல் என்பதை மறவாமலே அதனைப் படித்தல் வேண்டும். பார்க்க வருவோருக்குக் காட்டுமனிதராக நடித்துக் காட்டப் பழகிவிட்ட வேடரையும் அவர்கள் அன்றே கண்டிருந்தனர். எனினும் நோயும் சடங்கும் பற்றி அந்நூல் தரும் செய்திகள் வெறியாட்டுப் பாடல்களுக்குப் புதிய ஒளி தருவன. அண்மையில் இறந்த உறவினரின் ஆவிகள் ‘நே யக்கு’ எனப்படுகின்றன. அவற்றுக்கு மேலாகக் கண்டே யக்கா என்னும் பெருவேட்டைக்காரனின் ஆவி நிற்கிறது. இறந்தோர் புறக்கணிக்கப்பட்டால் அவர்தம் துணை விலகும், நோய் வரும் என்பது நம்பிக்கை. தேங்காய்ப்பால் நிறைந்த கலத்தைச் சுற்றிச் சடங்குக்குரிய அம்பைக் கையிலேந்தி ஆடுபவன்மீது ஆவி இறங்குகிறது. இச்சடங்கே கிரிகொரஹ. ஆவேசமுற்றவன் குரல் மாறுகிறது. உறவினரின் தோள்களில் கைவைத்துப் பேசுகிறான். இறந்தவர் மகிழ்ந்தாரா என்பதோடு வேட்டை எங்குக் கிடைக்கும் என்பதையும் அவனே சொல்லவேண்டும். படைத்த உணவைப் பின்னர் எல்லோரும் பகிர்ந்து உண்கின்றனர்.

வேட்டைக்கும் நோய்க்கும் அழைக்கப்படுவோர் ஒரே ஆவிகளே என்பது இங்கு நம் கவனத்துக்குரியது. உணவு தேடலும் நோய் நீக்கலும் அங்கு இரு துறைகளாகப் பிரியவில்லை. ஒருவன் நோயுற்றால் குழுவின் உறவு எங்கோ அறுந்துவிட்டது என்று பொருள். யார் மறக்கப்பட்டார், யாருக்குப் பங்கு கிடைக்கவில்லை என்பதே நோய்க்குறிதலின் கேள்வி. பங்கீடே சமுதாய நியதியாயிருக்கும் இடத்தில் பங்கின்மையே நோயாகிறது. இதனை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. எனினும் அம்மக்களின் உற்பத்தி உறவுகளை அவர்களது மருத்துவம் இவ்வளவு நேராகப் பிரதிபலிப்பதை அவ்வாறு ஒதுக்குவோர் காணத் தவறுகின்றனர்.

இப்போது வேலனிடம் திரும்புவோம். அவன் கேட்பதும் அதே பழைய கேள்விதான்: யார் சினந்தார், யாருக்குப் பலி வேண்டும்? ஆனால் அவன்முன் இருப்பவள் குழுவின் உறுப்பினள் என்ற அளவில் நோயுற்றவளல்லள். மணம் பற்றிய முடிவு தாய் தந்தையர் கைக்குப் போய்விட்ட இல்லத்தில், தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்ல இயலாமல் மெலிந்தவள். குழுவின் கேள்வியால் தனிமனுசியின் நோயை அறிய முடியவில்லை. பழைய சடங்கும் புதிய குடும்பமும் ஒன்றோடொன்று பொருந்தாமற்போன வரலாற்றுக் கணமே அந்நகைப்பு. அதனைப் பகுத்தறிவு என்று பெயரிட்டுப் பெருமை கொள்வோர் அப்பெண்ணின் அச்சத்தைக் கவனியாது விடுகின்றனர். வெறியால் அவள் நோய் தணிந்ததாக ஊர் நம்பிவிட்டால், உண்மைக் காரணம் மேலும் மறைந்துபோகும். காதலனும் அவளைத் தவறாக எண்ணக்கூடும்.

நம் அணியினரின் குறையையும் இங்குச் சொல்லுதல் தகும். பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்த கைலாசபதியின் வழியே, சடங்கிலிருந்து கவிதை பிறந்த வரலாற்றை நாம் கற்றோம். அக்கடன் பெரிது. ஆனால் சடங்கை உழைப்பின் ஒத்திகையாக மட்டும் காணும் பழக்கமும் அதனோடு சேர்ந்தே வந்தது. வேட்டையாடுபவனும் விதைப்பவனும் அவ்விளக்கத்தில் இடம்பெற்றனர். பாயில் கிடக்கும் நோயாளி இடம்பெறவில்லை. உழைக்க இயலாதவனுக்காகக் குழு ஏன் இரவு முழுதும் ஆடிற்று என்ற கேள்வியை நாம் கேட்கவே இல்லை.

சடங்கு அரசின் கைக்குப் போனபோது நேர்ந்தது வேறு. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, பாண்டிநாட்டில் மழை பொய்த்து வெப்புநோயும் அம்மையும் பரவியபோது வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்கிறது. அரசன் இழைத்த அநீதிக்கு ஒரு கைவினைச் சாதி உயிரால் விலை கொடுக்கிறது, நோய் நீங்குகிறது. நமது பாடநூல்கள் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன. அதே கண்ணகிக்கு மட்டக்களப்பு ஊர்களில் வைகாசியில் நடக்கும் குளிர்த்தியோ மீண்டும் ஊரின் சடங்காயிற்று. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசியே. அதில் நமக்கு ஐயமில்லை. 1980 இல் அந்நோய் உலகிலிருந்து அகன்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பின்னரும் குளிர்த்தி நின்றுவிடவில்லை. வெறும் தவறான மருத்துவமாக மட்டும் அது இருந்திருப்பின் நோயோடு சேர்ந்தே மறைந்திருக்கும்.

கொழும்பில் இருந்துகொண்டு வேடரின் சடங்கை மூடநம்பிக்கை என்போரைப் பற்றியும் ஒரு சொல். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டுமன்றி வெள்ளவத்தையிலிருந்தும் செல்வோருள் சைவரும் பௌத்தரும் உளர், பட்டதாரிகளும் உளர். ஒரு கையில் மருத்துவரின் சீட்டு, மறுகையில் மெழுகுதிரி. அவர்களை நாம் இகழவில்லை. தனியார் மருத்துவமனையின் கட்டணம் எவ்வளவு என்பதை அறிந்தவர் இகழவும் மாட்டார்.

வேடரின் நிலை இதனினும் கடியது. 1983 இல் மாதுறு ஓயாப் பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் அவர்களின் வேட்டைக்காடு சட்டப்படி அடைக்கப்பட்டது. குடும்பங்கள் பல மகாவலிக் குடியேற்றங்களுக்கு நகர்த்தப்பட்டன. தம்பானையில் எஞ்சியோரின் ஆட்டம் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சியாயிற்று. இறந்தோர்க்குப் படைக்க வேட்டையிறைச்சியை எடுத்தால் அது குற்றம். ஆடிக் காட்டினால் அது பண்பாடு.

கிழக்குக் கரையில் வாகரையை அண்டி வாழும் கரையோர வேடரோ தமிழ் பேசுவோர். மீன்பிடித்தும் சேனை செய்தும் வாழ்ந்த அவர்களை 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், அதனைத் தொடர்ந்து 2006, 2007 ஆம் ஆண்டுகளின் போரும் அலைக்கழித்தன. ஆண்டுச் சடங்கில் தெய்வமேறி ஆடுவோர் அவர்களிடையே உளர். வேலனைப் பற்றி ஏட்டுச்சான்றுகளை மட்டும் கொண்டு ஆயிரம் பக்கம் எழுதிய தமிழியல் துறைகள், தம் மொழியிலேயே ஆவியை விளிக்கும் இம்மக்களைச் சான்றாகக் கொள்ளத் தயங்கிநிற்பது ஏன் என்று நாம் கேட்கவேண்டியுள்ளது. சாதிமனப்பான்மை ஒரு காரணம். சங்ககாலம் பொற்காலம் என்ற கனவு கலைந்துவிடுமோ என்ற அச்சம் மற்றொன்று. தொலைவு காரணமன்று. கொழும்பில் காலையிற் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் வாகரையை அடையலாம்.